நாலு வீசம் ஒரு கால்: அடைமழையில் தைத்த குவில்ட்

2025ஆம் ஆண்டு பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜனவரி 10ஆம் தேதி, சிங்கப்பூரின் தெம்பனிஸில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறைச் சன்னல் வழியே எதிர்ப் புளோக்கைப் பார்க்க முடியாத அளவுக்கு மழை பிடித்துக்கொண்டது. வடகிழக்கிலிருந்து குளிர்காற்று பலமாக வீசும், மழை பெய்யும் என்று வானிலை ஆய்வகம் முன்னரே சொல்லியிருந்தது. ஆனால், இங்குப் பெய்யும் மழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும் என்ற பழக்கத்திலேயே முப்பது ஆண்டுகளாக வாழ்ந்துவிட்ட நான், அது இரண்டு நாள் விடாமல் பெய்யும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த வெள்ளி, சனி இரண்டு நாளில் மட்டும் சாங்கி நிலையத்தில் பதிவான மழை 255 மில்லிமீட்டர் என்றும், ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222 மில்லிமீட்டர்தான் என்றும் பிறகு அறிந்தேன். வெப்பநிலை 22 டிகிரியை ஒட்டி இறங்கியிருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு அத்தை கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலையில் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போய்ப் பொங்கல் பானையும் மஞ்சள்கொத்தும் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து பிளாசா சிங்கப்பூராவில் இருக்கும் தையல்பொருள் கடைக்குச் சென்று, துண்டுத்துணிகளைச் சேர்த்து அடுக்கித் தைக்கும் போர்வையான குவில்ட்டின் நடுவில் வைக்கும் பஞ்சுவிரிப்பையும் மேல்துணிகளையும் வாங்கி வருவதாகத் திட்டம். மகளுக்கு ஏப்ரலில் பிரசவம். அதற்குள் ஒரு சிறிய குவில்ட் தைத்துவிட வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்கு முன் நான் தைத்தவை இரண்டுதான். இரண்டும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி கடையில் வாங்கிய துணியால் தைத்தவை. பனி பெய்யும் நாடுகளின் முறையைப் பின்பற்றித் தடித்த பஞ்சு வைத்ததால், அவற்றை இந்த ஊரில் போர்த்திக்கொள்ள ஒருவராலும் முடியவில்லை. வாசலைப் பனி அடைத்துவிட்டால் வீட்டுக்குள் இருந்துகொண்டு குவில்ட் தைப்பது அந்த நாடுகளில் எத்தனை இன்பமான பழக்கம் என்பதை நான் நிறையப் படித்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை, கடைக்குப் போக வழியில்லாமல் வீட்டுக்குள் அடைபட்டபோதுதான் அந்த இன்பம் எங்களுக்கும் வாய்த்தது.

“கடைக்குப் போக முடியலைன்னா என்னம்மா, அலமாரியில என் சேலை கிடக்குதே” என்றார் அத்தை. அவருக்கு 84 வயது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல், பலமுறை துவைத்து மெத்தென்றான பழைய நூல்சேலையில் கிடத்துவதுதான் நம் வழக்கம் என்பதை அவர் நினைவூட்டினார். தூளி கட்டுவதும் அதே சேலையில்தானே? மூன்று மாதமாகக் கடைத்துணியின் படங்களையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

அலமாரியிலிருந்து ஒன்பது சேலைகள் வெளியே வந்தன. அவற்றில் வெட்டத் தகுந்தவை நான்குதான். பழைய சேலையில் தைக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஆசையை ஓரமாக வைத்துவிட்டுத் துணியைச் சோதிக்க வேண்டும் என்பதே. சேலையைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால், இழை தேய்ந்த இடங்கள் சல்லடைபோல் தெரியும். கொசுவத்தின் அடிப்பகுதியும் தோளில் ஊக்குக் குத்தும் இடமும் முதலில் தேய்கின்றன. முந்தானையை அடுத்த பகுதியும் இடுப்பில் செருகும் உள்சுற்றும் நெடுநாள் தாங்குகின்றன. வெளிச்சத்தில் தேறிய பகுதியை இரு கட்டைவிரல்களால் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் சுண்டி இழுத்துப் பார்க்க வேண்டும். இழை நொறுங்கும் மெல்லிய ஒலி கேட்டால் அந்தத் துணி குவில்ட்டுக்கு ஆகாது. பார்வைக்குப் புதியதுபோல் இருந்த ஒரு வாழைப்பழ நிறச் சேலை இந்தச் சோதனையில்தான் தோற்றது. பல ஆண்டுகள் மடித்த மடிப்பிலேயே இருந்ததால், மடிப்பு வரிசை முழுவதும் இற்றுப்போயிருந்தது.

அடுத்தது சாயம். வெள்ளைத் துணித்துண்டை நனைத்துப் பிழிந்து, சேலையின் அடர்நிறப் பகுதியில் அழுத்தித் தேய்த்தால் உண்மை தெரிந்துவிடும். அத்தைக்குப் பிடித்த அரக்கு நிறக் கண்டாங்கி, தேய்த்த உடனேயே வெள்ளைத்துண்டைச் சிவப்பாக்கியது. கல்லுப்பு நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசினோம். சாயம் நின்றதுபோல் இருந்தது. மூன்றாவது அலசலில் மீண்டும் இறங்கியது. வெளிர்நிறத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துத் தைத்திருந்தால் முதல் துவையலிலேயே முழுக் குவில்ட்டும் பாழாகியிருக்கும். மனமில்லாமல்தான் அதை ஒதுக்கினோம். மிஞ்சிய மூன்றில் நீலக்கட்டம் போட்ட கண்டாங்கியும் சந்தன நிறக் கைத்தறிச் சேலையும் மேல்பக்கத்துக்கு என்றும், பச்சைச் சுங்குடி அடிப்பக்கத்துக்கு என்றும் முடிவாயிற்று.

நடுவிரிப்புக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அத்தை ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் மாமாவின் எட்டு முழ வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மாமா மறைந்து ஆறு ஆண்டுகளாகிவிட்டன. அவருடைய வேட்டிகளை நாங்கள் எவரும் தொட்டதில்லை. “கொள்ளுப்பேரப் பிள்ளைக்குத்தானே, உள்ளே இருக்கட்டும்” என்றார். அந்த வேட்டியை இரண்டாக மடித்தால் ஏறத்தாழ 72 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் கிடைத்தன. எங்களுக்குத் தேவையானதைவிடத் தாராளம். வங்காளத்துப் பெண்கள் பஞ்சே இல்லாமல் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டத்தையல் போட்டுக் காந்தா தைப்பதை நினைத்துக்கொண்டேன். சிங்கப்பூர் வெப்பத்துக்கு அதுவே ஏற்ற முறை என்பது என் உறுதியான கருத்து. இரண்டு அடுக்கு வேட்டி கொடுக்கும் கனம் குளிரூட்டிய அறையில் போர்த்திக்கொள்ளவும் தரையில் விரிக்கவும் போதும். துவைத்தால் அரை நாளில் உலர்ந்தும்விடும். தடித்த பஞ்சோ இந்த ஊரின் ஈரக்காற்றில் உள்ளே நன்றாக உலராமல் பூஞ்சை வாடை பிடித்துவிடுகிறது. என் முதல் குவில்ட்டை நான் அப்படித்தான் இழந்தேன்.

மழைநாளில் துணி வெட்டுவதில் ஒரு சிக்கல் இருப்பதை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. அலசிய சேலைகளை மூங்கில் கழியில் நீட்டிப் போட முடியாது. கூடத்தில் கயிறு கட்டி, குளிரூட்டியை ஈரம் உறிஞ்சும் முறையில் ஓடவிட்டுத்தான் உலர்த்தினோம். கைக்கு உலர்ந்ததுபோல் பட்டாலும் நூல்துணிக்குள் ஈரம் தங்கியிருந்தது. அந்த நிலையில் வெட்டிய முதல் நான்கு துண்டுகள் இஸ்திரி பட்டவுடன் ஒரு பக்கம் சுருங்கிக் கோணலாயின. அதன்பிறகு ஒவ்வொரு துணியையும் முதலில் சூடாக இஸ்திரி போட்டு, ஆறவிட்டு, லேசாகக் கஞ்சி தெளித்து மீண்டும் இஸ்திரி போட்ட பின்னரே வெட்டுப் பலகையில் வைத்தோம். கைத்தறித் துணியில் நேர்க்கோடு கண்டுபிடிக்க அளவுகோலை நம்பாமல், ஓரத்தில் ஓர் இழையை ஊசிமுனையால் எடுத்து மெல்ல உருவிவிட்டால், அது விட்டுச்செல்லும் கோடுதான் உண்மையான நேர்க்கோடு. இது அத்தை சொன்னது. அவருடைய அப்பா கும்பகோணத்தில் துணிக்கடை வைத்திருந்தவர்.

வடிவம் எளியது. ஆறு அங்குலக் கட்டங்கள் அகலத்தில் ஆறு, நீளத்தில் ஏழு, ஆக 42. அவற்றில் 21 கட்டங்கள் ஒன்பது சிறு சதுரங்களைச் சேர்த்துத் தைப்பவை. மற்ற 21 ஒரே துணியாலானவை. இவை மாறி மாறி வந்தால் 36 அங்குலத்துக்கு 42 அங்குலம் வரும். சிறு சதுரங்கள் மட்டும் 189. ஒவ்வொன்றையும் இரண்டரை அங்குலமாக வெட்டி, நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் முடிவில் இரண்டு அங்குலம் நிற்கும்.

ஆறு அங்குலக் கட்டத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து சாங்கிச் சிறைச்சாலையின் பழைய வாயிற்சுவர் பேருந்தில் போய்வரும் தூரம்தான். 1942இல் ஜப்பானியர் ஆட்சியில் அந்தச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்களிடம், எத்தல் முல்வானி என்ற கனடியப் பெண்மணியின் முயற்சியால், ஆளுக்கு ஓர் ஆறு அங்குலத் துணிச்சதுரம் கொடுக்கப்பட்டது. அதில் தங்களைப் பற்றிய ஏதாவது ஒன்றைப் பூவேலையாகத் தைக்கச் சொன்னார்கள். பெயரைத் தைத்துவைத்தால், வேறு பகுதியில் அடைபட்டிருக்கும் கணவனுக்கோ தந்தைக்கோ தாம் உயிரோடு இருக்கும் செய்தி போய்ச்சேரும் என்பதே அவர்களுடைய நம்பிக்கை. தலா 66 சதுரங்கள் கொண்ட மூன்று குவில்ட்டுகள் அப்படி உருவாயின. இரண்டு இப்போது கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திலும் இருக்கின்றன. அதே சிறையில் சாரணியர் சிறுமிகள் தங்கள் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாக அறுகோணத் துண்டுகளால் இரகசியமாகத் தைத்த இன்னொரு குவில்ட்டும் உண்டு. நூல்கூட இல்லாமல், கிழிந்த ஆடைகளிலிருந்து இழை உருவித் தைத்தவர்கள் அவர்கள். குவில்ட் என்பது குளிர்நாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: நம் தீவிலேயே, இந்த வெயிலிலும் மழையிலும், உயிரைப் பிடித்துக்கொள்ள அது தைக்கப்பட்டிருக்கிறது.

சனிக்கிழமை மாலை தையல் தொடங்கியது. இரண்டிரண்டு சதுரங்களாகச் சேர்த்து, ஒரு சோடி முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்த சோடியை ஊசிக்கு அடியில் கொடுத்துக்கொண்டே போனால், துண்டுகள் மாவிலைத் தோரணம்போல் இயந்திரத்தின் பின்னால் வரிசையாக இறங்கும். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். அதைவிட, கைக்கு ஒரு தாளம் கிடைக்கிறது. வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருக்க, தையல் இயந்திரமும் அதே சீரில் ஓட, அத்தை தரையில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்து தோரணத்தை ஒவ்வொன்றாக வெட்டி அடுக்க, அடுப்பில் சுக்குக் காப்பி கொதிக்கும் வாசனை கூடம் முழுவதும் பரவியிருந்தது. தொலைபேசியை யாரும் தொடவில்லை. வேலைக்குப் போன ஆண்டுகளிலும் பிள்ளைகளை வளர்த்த ஆண்டுகளிலும் இப்படி ஒரு முழுநாள் எனக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.

ஐந்து கட்டங்கள் முடிந்த பிறகு அளந்து பார்த்தேன். ஓரங்களோடு சேர்த்து ஆறரை அங்குலம் இருக்க வேண்டிய கட்டம் ஆறேகால் அங்குலம்தான் இருந்தது. ஐந்தும் அப்படியே. வெட்டியது சரி, இஸ்திரியும் சரி. எங்கே போனது அந்தக் கால் அங்குலம்? நான் தையலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அத்தை ஒரு சதுரத்தின் தையல் ஓரத்தை அளவுநாடாவில் வைத்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “காலுக்கு மேல ஒரு வீசம் போயிருக்கும்மா. ரெண்டு தையல், ஒரு தையலுக்கு ரெண்டு பக்கம். நாலு வீசம் ஒரு கால். உன் கால் அங்குலம் அங்கதான் இருக்கு” என்றார்.

வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. மாகாணி என்றும் சொல்வார்கள். அத்தை கீழ்வாய் இலக்கம் என்னும் பழைய பின்னக் கணக்கைத் தன் அப்பாவின் கடையில் வாய்ப்பாடாகக் கேட்டு வளர்ந்தவர். துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதத்தின் ஓரத்தைக் கால் அங்குலம் என்று நம்பி நான் தைத்துக்கொண்டிருக்க, அந்தப் பாதமோ கால் அங்குலத்துக்கு மேல் ஒரு வீசம் அகலமாக இருந்திருக்கிறது. ஒரு தையலில் கண்ணுக்கே தெரியாத பிழை, ஒரு கட்டத்தில் கால் அங்குலமாகி, ஒரு வரிசையில் வரும் மூன்று ஒன்பது துண்டுக் கட்டங்களில் முக்கால் அங்குலமாகியிருக்கும். ஒன்பது துண்டு இல்லாத கட்டங்கள் ஆறரை அங்குலத்திலேயே நிற்பதால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியும் இருக்காது.

திருத்தும் வழி மிகவும் எளிது. எல்லோரும் முதல் தையலுக்கு முன்பே செய்துகொள்ள வேண்டியதும்கூட. அளவுகோலை இயந்திரத் தட்டில் வைத்து, அதன் கால் அங்குலக் கோட்டின் மேல் ஊசிமுனை சரியாக இறங்கும்படி சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை இறக்க வேண்டும். அளவுகோலின் ஓரத்தை ஒட்டி ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை ஒட்டிவிட்டால், துணி அதற்கு மேல் நகர முடியாது. பிறகு மூன்று சதுரங்களைச் சேர்த்துத் தைத்து, நடுச்சதுரம் மிகச் சரியாக இரண்டு அங்குலம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். முதல் ஐந்து கட்டங்களைப் பிரிக்கவில்லை. பழந்துணியில் தையலைப் பிரித்தால் இழையும் சேர்ந்து வந்துவிடும். அவற்றைத் தனியாக இணைத்து அத்தையின் நாற்காலிக்கு ஒரு திண்டுறை தைத்தேன். நீலக் கண்டாங்கியில் துணி மிச்சம் இருந்ததால் புதிதாக ஐந்து கட்டங்களுக்கு வெட்டிக்கொள்ள முடிந்தது.

இஸ்திரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குவில்ட்டில் இஸ்திரிப்பெட்டியைத் தேய்க்கக் கூடாது. தூக்கி வைத்து, அழுத்தி, தூக்கி எடுக்க வேண்டும். தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். தையலின் உள்விளிம்புகள் எப்போதும் அடர்நிறத் துணியின் பக்கம் சாய்ந்திருக்கும்படி அழுத்தினால், இரண்டு வரிசைகள் சேரும் இடத்தில் விளிம்புகள் எதிரெதிராக அமர்ந்து, மூலைகள் தாமாகவே ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை மழையின் வேகம் தணிந்து விட்டுவிட்டுத் தூறியது. அன்று மாலைக்குள் மேல்விரிப்பு முழுவதும் சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை, தரையில் பச்சைச் சுங்குடியைக் கவிழ்த்து விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் இழுத்து ஒட்டி, மேலே வேட்டியின் இரண்டு அடுக்கையும் அதன் மேல் சேர்த்துத் தைத்த மேல்விரிப்பையும் பரப்பினோம். அடித்துணியும் நடுத்துணியும் நாற்புறமும் மூன்று அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் தைக்கத் தைக்க அவை உள்ளே இழுபடும். ஊக்குகளை நடுவிலிருந்து தொடங்கி நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்தினோம். அத்தை எண்ணிக்கொண்டே குத்தினார்: 90. அந்த எண்ணை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதியும் வைத்தார்.

மறுநாள் பொங்கல். பானை வாங்கப் போகாததால் வீட்டிலிருந்த பித்தளைப் பானையிலேயே பொங்கியது.

பண்டிகையும் விருந்தினரும் வந்துபோன அந்த வாரத்தில் குவில்ட்டை ஊக்குகளோடு சுருட்டி அலமாரியின் மேல் வைத்துவிட்டேன். அது நான் செய்த பெரிய தவறு. அடுத்த வார இறுதியில் மீண்டும் குளிர்காற்றும் மழையும் வந்து எங்களை வீட்டில் உட்காரவைத்தபோது பிரித்துப் பார்த்தால், இரண்டு ஊக்குகளைச் சுற்றிச் சந்தன நிறத் துணியில் துருப்புள்ளிகள். எலுமிச்சைச் சாறும் தூள் உப்பும் கலந்து தடவி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு அலசியதில் ஒன்று மறைந்தது. மற்றொன்று மங்கலாக இன்றும் இருக்கிறது. மழைமாதத்தில் ஊக்குக் குத்திய குவில்ட்டைக் காத்திருக்க வைக்கவே கூடாது. காத்திருக்க வேண்டுமானால், ஊக்குக்குப் பதில் நீண்ட நூல்தையல் போட்டுப் பிடித்துக்கொள்வதே நல்லது.

கைத்தையலை அத்தையும் நானும் சேர்ந்தே போட்டோம். நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தைத்துக்கொண்டு போனால் சுருக்கங்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். கர்நாடகத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தங்கள் ஒட்டுத்துணிப் போர்வையை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அவர்கள் துணியைச் சேர்ப்பதும் தைப்பதும் ஒரே வேலையாக நடப்பதால் அது அங்கே பொருந்துகிறது. என் தையல் அங்குலத்துக்கு ஏழு, அத்தையின் தையல் அங்குலத்துக்கு ஐந்து. அவருடைய தையல் நீளம், கொஞ்சம் வளைவு. ஒரே அளவாக இருக்கட்டும் என்று அவர் போட்டதைப் பிரித்துவிட்டு நான் மீண்டும் போடலாமே என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்காக இன்றும் வருந்துகிறேன். இப்போது அந்த விரிப்பில் நான் முதலில் தேடுவது வளைந்த தையல் இருக்கும் பாதியைத்தான்.

ஓரப்பட்டிக்குச் சேலை ஒரு வரம். சுற்றளவு 156 அங்குலம், மூலை மடிப்புக்கும் முனை சேர்ப்புக்கும் சேர்த்து 168 அங்குலம் வேண்டும். கடைத்துணியில் நான்கு ஐந்து ஒட்டுப்போட்டுத்தான் இந்த நீளம் வரும். ஐந்தரை மீட்டர் சேலையிலோ நீளவாக்கில் இரண்டரை அங்குல அகலத்துக்கு ஒரே பட்டியாக எடுத்துவிடலாம். கண்டாங்கியின் கரையை அப்படி எடுத்து, இரண்டாக மடித்து, மேற்புறம் இயந்திரத்திலும் அடிப்புறம் கையிலும் தைத்தேன்.

பிறந்த குழந்தைக்குக் குவில்ட் தைப்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தையின் மேலும் தொட்டிலுக்குள்ளும் இதுபோன்ற தளர்ந்த விரிப்புகளை வைக்கக் கூடாது. மூச்சு அடைபடும் ஆபத்து இருக்கிறது. விழித்திருக்கும்போது, பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, தரையில் விரித்துக் குப்புறப் போட்டுப் பழக்குவதற்கு என்றே இதைத் தைத்தோம்.

ஓரம் தைக்கும் முன்பே ஊக்குகளை எடுத்து எண்ணியபோது 89தான் இருந்தன. அத்தை நாட்காட்டித் தாளைக் கொண்டுவந்து காட்டினார். துணியை இருவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்; கிடைக்கவில்லை. பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் குவில்ட் முழுவதையும் வரிசை வரிசையாகத் தடவிப் பார்த்தார், இல்லை. பாயைத் தட்டினோம், நாற்காலித் திண்டைத் திருப்பினோம். கடைசியில், ஓரத்தைச் சமன்செய்யும்போது வெட்டி எறிந்த சுங்குடித் துண்டில், குப்பைப் பைக்குள், மூடிய நிலையில் அது இருந்தது. ஏப்ரல் கடைசியில் மகள் குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்றும், விரிப்பைத் தரையில் போடும் முன் அத்தை ஊக்குப் பெட்டியைத் திறந்து தொண்ணூறையும் மறுபடி எண்ணி முடித்தார். அதன் பிறகுதான் குழந்தையை வாங்கிக் கிடத்தினார்.